பதினொரு விநாடி அழுகை

அந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த ஒலிப்பதிவாளர்கூட, "அக்கா, இந்த இடத்துல மழைச் சத்தம் போதுமா?" என்றுதான் கேட்பார். படத்தொகுப்பு வேலைக்கு அவள் வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வந்த புதிதில் அவளுடைய சொந்தத் தம்பியும் அங்கே உதவி இயக்குநராகச் சேர்ந்தான். ஒருநாள் அவன் நடைபாதையின் அந்தக் கோடியில் நின்று, "அக்கா, சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே விட்டுட்டே!" என்று கத்தினான். அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

தம்பி இப்போது இயக்குநர். முதல் இரண்டு படங்களும் பேர் வாங்கின, கூட்டம் வாங்கவில்லை. மூன்றாவதாக ஒரு கொலைக் கதை எடுத்தான். அக்கா வேலை பார்க்கும் அந்தப் பெரிய நிறுவனமே அதைத் தயாரித்தது. ஐந்து மாடிக் கட்டடம், மேல்மாடியில் முதலாளிகள். கீழே வேலை செய்கிறவர்கள் அவர்களைச் சேர்த்து "மேல்மாடி" என்றே சொல்வார்கள். "மேல்மாடிக்குப் பிடிக்கல", "மேல்மாடி இன்னும் பாக்கல", இப்படி.

படத்தின் கதை இதுதான். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் ஓர் இளம்பெண் கொல்லப்படுகிறாள். விசாரிக்க வரும் அதிகாரிக்குக் கணவன்மேல் சந்தேகம், பார்க்கிறவர்களுக்கும்தான். அதிகாரி வரும்போதெல்லாம் எதிர்வீட்டு அம்மா ஒரு தம்ளர் டீ கொண்டுவந்து கொடுப்பாள். ஐந்து முறை கொடுப்பாள். ஐந்தாவது டீயை வாங்கும்போது அவருக்குப் புரிந்துவிடும். தனியாக இருந்த அந்த அம்மாவுக்குப் பேச்சுத்துணை அந்தப் பெண் ஒருத்திதான். அவள் வேறு வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று சொன்ன அன்று இந்த அம்மா அவளைக் கொன்றிருக்கிறாள். கடைசியில் காமிரா அந்த அம்மாவின் முகத்தை நாற்பத்தேழு விநாடி வெட்டாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். படம் முடிந்துவிடும்.

அக்கா அந்த நாற்பத்தேழு விநாடியில் கை வைக்கவே இல்லை. "இதை வெட்டினா எனக்குக் கை விளங்காம போயிடும்" என்றாள் தம்பியிடம்.

ஒரு வியாழக்கிழமை மதியம் அறுபது பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். முடிந்ததும் ஆளுக்கொரு அட்டை, ஒரு பேனா. முப்பத்தெட்டுப் பேர் கணவன்தான் கொன்றிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். ஒருவர், "எங்க அம்மா மாதிரி இருக்காங்க, அவங்க எப்படிக் கொலை பண்ணுவாங்க?" என்று எழுதியிருந்தார். தம்பி அந்த அட்டையைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகச் சிரித்தான். அவனுக்கு வேண்டியிருந்ததே அந்தக் கேள்விதான். மேல்மாடி சிரிக்கவில்லை.

நாலு நாள் கழித்து, கட்டடத்தின் வாசலில் தம்பியின் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. கதவு சிவப்பு விளக்கைக் காட்டியது. காவலாளி மரியாதையாக, "சார், மேல சொல்லியிருக்காங்க" என்றார். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி இருந்தது. படத்தின் கடைசி வடிவம் நிறுவனத்தின் கையில். இயக்குநர் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

அக்காவின் ஒப்பந்தத்திலும் ஒரு விதி இருந்தது. அவள் கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். முற்றுப்புள்ளிகூட அவர் கண்ணுக்குத் தப்பாது. சாப்பாட்டு மேஜைமேல் காகிதங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, பென்சிலோடு இரண்டு தடவை படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுத்துப்பிழை ஒண்ணுகூட இல்ல. வெளிய வர வழியும் இல்ல."

"நான் விலகிக்கறேன்னு சொன்னா?"

"படம் வெளிவர்ற வரைக்கும் விலக முடியாது. மீறி விலகினா வேற எந்த இடத்திலயும் ரெண்டு வருஷம் வேலை செய்யக்கூடாது. விலகாம இருந்தா, இது முடிஞ்சதும் இவங்களோட இன்னும் ரெண்டு படம் வேற. அப்புறம் இதைப் பாரு. படத்தில் செய்யப்படும் மாற்றங்களைக் குடும்பத்தினர் உட்பட எவரிடமும் சொல்லக்கூடாது. குடும்பத்தினர் உட்பட. நம்ம வீட்டைப் பாத்து எழுதின மாதிரியே இருக்கு."

தம்பி அதே வீட்டில்தான் மாடியில் தனியாகக் குடியிருந்தான். சாப்பாடு கீழே, இவர்களோடு. இந்தப் பேச்சு நடந்தபோது படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ போகாதே அக்கா" என்றான். "நீ போனா பக்கத்து எடிட்டிங் ரூம்காரர்கிட்ட கொடுப்பாங்க. அவரு விளம்பரம் வெட்டற மாதிரி வெட்டிப் போட்டுடுவாரு. நீ உள்ள இருந்தா பாதியாவது மிஞ்சும்."

"என்கிட்ட எதையும் கேக்கக்கூடாது. அது உன்னால முடியுமா?"

"முடியும்" என்றான்.

மறுநாள் மாலையே கேட்டான்.

*

எடிட்டிங் அறை இரண்டாம் மாடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் சத்தம் உறிஞ்சும் கறுப்புப் பஞ்சு. காலை பத்து மணிக்கு உள்ளே போனால் வெளியே மழையா வெயிலா என்று தெரியாது. முன்னால் மூன்று திரைகள், பின்னால் ஒரு சோபா. அந்தச் சோபாவில்தான் மேல்மாடி அனுப்பிய ஆள் உட்கார்ந்திருப்பார்.

அவருக்கு அந்தக் கட்டடத்தில் 'ஆனா சார்' என்று பெயர். கெட்டவர் இல்லை. குரல் உயர்த்த மாட்டார், பிறந்தநாளை ஞாபகம் வைத்துக்கொண்டு வாழ்த்துச் சொல்வார். ஆனால் எதைப் பார்த்தாலும், "பிரமாதம் மேடம். ஆனா..." என்றுதான் ஆரம்பிப்பார். அந்த 'ஆனா'வுக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுவார். அந்த மூச்சுக்குள் எத்தனையோ பேருடைய படங்கள் செத்திருக்கின்றன.

முதல் வாரம் சின்னச் சின்னதாகப் போனது. அதிகாரி படியேறும் காட்சி நீளம் என்றார். மழையில் நிற்கும் சைக்கிள் எதற்கு என்றார். வெறும் மௌனமாக இருந்த ஓர் இடத்தில் திகில் இசை வேண்டும் என்றார். அக்கா வாதாடினாள், சிலவற்றைக் காப்பாற்றினாள், சிலவற்றைக் கொடுத்தாள். மாலையில் வீட்டுக்கு வந்ததும் தம்பி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி கேட்பான்.

"இன்னிக்கு என்ன போச்சு?"

"கேக்காதேன்னு சொன்னேன்."

"சும்மா, ஒண்ணே ஒண்ணு."

"சைக்கிள் போச்சு."

"சைக்கிள்தானே? போகட்டும். டீ இருக்கில்ல?"

"இருக்கு."

அவன் நிம்மதியாகச் சாப்பிடுவான். "அக்கா இருக்கா. பயமில்ல" என்று ஃபோனில் யாரிடமோ சொல்வது கேட்கும். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

இரண்டாவது வாரம் திங்கட்கிழமை ஆனா சார் ஒரு தாளோடு வந்தார். சோபாவில் உட்காராமல் நின்றார்.

"மேடம், மேல ஒரு முடிவு எடுத்திருக்காங்க. கொலை பண்ணினது புருஷன்."

அக்கா நாற்காலியைத் திருப்பினாள். "எந்தப் படத்துல?"

"நம்ம படத்துலதான். பாத்தவங்க பாதிக்கு மேல அதைத்தான் எதிர்பாக்கறாங்க. எதிர்பாக்கறதைக் கொடுத்துடலாமே. அந்த அம்மா கொலைகாரின்னா வீட்டுப் பெரியவங்க யாரு வருவாங்க?"

"சார், அவன் கொலை பண்ற மாதிரி ஒரு ஷாட்கூட எடுக்கல."

"மறுபடி எடுக்க நாளில்ல மேடம். இருக்கறதை வெச்சு முடியுமான்னு பாருங்க."

"முடியாது" என்றாள் அக்கா. அதை முழு மனதோடுதான் சொன்னாள். முடியாது என்றே நம்பினாள்.

"முடியாதுன்னா முடியாதுன்னு மேல சொல்லிடறேன். ஆனா... ஒரு தடவை முயற்சி பண்ணிட்டு முடியாதுன்னு சொன்னா எனக்கும் பேச வசதியா இருக்கும்."

நியாயமாகத்தான் பட்டது. முடியாது என்று காட்டிவிட்டால் தம்பியின் முடிவு பிழைத்துவிடும். ஆகவே முடியாது என்று நிரூபிப்பதற்காகத்தான் அக்கா உட்கார்ந்தாள்.

இரண்டு நாள் நேர்மையாகவே தேடினாள், கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஆனா சார் ஃபோன் பேச வெளியே போயிருந்தார். விசாரணைக் காட்சி திரையில் ஓடிக்கொண்டிருந்தது. அதிகாரி கேட்டதையே கேட்டுக் கேட்டு, சலித்துப்போன கணவன் மேஜையைத் தட்டிவிட்டு, "ஆமா. நான்தான். போதுமா?" என்பான். விரக்தியில் சொல்வது. பார்க்கிற யாருக்கும் அவன்மேல் இரக்கம் வரும் இடம் அது.

அக்காவின் விரல் தானாக நகர்ந்தது. 'போதுமா'வை வெட்டினாள்.

"ஆமா. நான்தான்."

அறையில் யாரும் இல்லை. இன்னொரு தடவை ஓட்டிக் கேட்டாள். அதன் பிறகு அவள் யோசிக்கவில்லை, வேலைதான் செய்தாள். அவன் மனைவியின் உடலைக் கண்டு நடைபாதையில் உட்கார்ந்து அழும் பதினொரு விநாடி அழுகை ஒன்று இருந்தது. அதை எடுத்து இந்த 'நான்தான்' என்பதற்குப் பின்னால் வைத்தாள். அதே அழுகை, துக்கமாக இருந்தது குற்றமாக மாறியது. ஒரு கண்ணீர்த் துளிகூடக் கூடவில்லை, குறையவில்லை. பிறகு, வெட்டிப் போட்ட துண்டுகளுக்குள் ஒன்று ஞாபகம் வந்தது. இயக்குநர் 'ஆக்‌ஷன்' சொல்லுமுன்பே காமிரா ஓடிக்கொண்டிருந்த ஒரு துண்டு. நடிகர் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, வியர்வையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார். நடிப்பே இல்லை அது. யார் கை என்று தெரியாமல் கத்தி மட்டும் கீழே விழும் ஒரு ஷாட் படத்தில் இருந்தது, அதற்கு அடுத்து இதை வைத்தாள்.

கொலை நடந்துவிட்டது.

அவள் அதைப் போட்டுப் பார்த்தாள். இன்னொரு தடவை போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு ஒட்டு அவள் கைக்கு வந்ததில்லை. தைத்த இடமே தெரியவில்லை. அழித்துவிட ஒரே ஒரு பொத்தான் போதும், அது அவள் சுண்டுவிரலுக்குக் கீழேயே இருந்தது. அழிப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மூன்றாம் முறை ஓடவிட்டாள். கதவு திறந்த சத்தம் அந்தப் பஞ்சுச் சுவருக்குள் கேட்கவில்லை.

"பிரமாதம்" என்றார் ஆனா சார், அவள் தலைக்குப் பின்னால்.

அவள் காத்திருந்தாள். அவர் மூச்சு விட்டார். 'ஆனா' வரவில்லை.

*

அதன் பிறகு அவள் வெளியே வர முடியாத ஓர் இடத்துக்குள் போய்விட்டாள். மேல்மாடி பார்த்தது, கைதட்டியது. இப்போது நன்றாகச் செய்தால் பொய் நிற்கும். மோசமாகச் செய்தால் தம்பியின் படம் அசிங்கமாகும். இரண்டில் எதைச் செய்யவும் அவளுக்கு மனம் வரவில்லை. கை மட்டும் செய்துகொண்டிருந்தது. காலையில் அட்டையை வைத்ததும் பச்சை விளக்கு எரியும். அவளுக்கு மட்டும் அந்தக் கதவு தவறாமல் திறந்தது.

ஒன்றே ஒன்றில் பிடிவாதமாக இருந்தாள். ஐந்து டீயில் இரண்டைக் கொடுத்துவிட்டு மூன்றைப் பிடித்து வைத்துக்கொண்டாள். அந்த அம்மாவின் முகத்தில் இருந்த அந்த அமைதியை எங்காவது ஓர் ஓரத்தில் காப்பாற்றிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

"இவங்கதான் இப்ப கொலைகாரி இல்லையே மேடம். எதுக்கு மூணு டீ?"

"இருக்கட்டும் சார்."

"உங்க ஆசைக்கு வெச்சுக்கங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார். நாற்பத்தேழு விநாடி ஷாட் மொத்தமாகப் போனது. அதற்குப் பதிலாக அந்த அம்மாவின் முதுகுப்பக்க ஷாட் ஒன்றில் ஒரு வசனம் சேர்க்கவேண்டும் என்றார்கள். முதுகுதானே, உதடு தெரியாது.

அதற்காக அந்த நடிகை டப்பிங்குக்கு வந்தார். மேடை நாடகங்களில் முப்பது வருடம் அம்மா வேடம் போட்டவர். சினிமாவில் இதுதான் அவருக்கு முதல் பெரிய வேடம். நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு, கைப்பையில் தண்ணீர் பாட்டிலோடு சீக்கிரமே வந்து உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிவாங்கிமுன் நின்று, கொடுத்த தாளைத் தூரத்தில் பிடித்துப் படித்தார்.

"'அந்தப் பையன் மேல எனக்கு அப்பவே சந்தேகம்தான் சார்.' இது எந்த இடத்துல வருது கண்ணு?"

அக்கா பேசும் பொத்தானை அழுத்தினாள். "கடைசிக்குக் கொஞ்சம் முன்னாடிம்மா."

"நான் இப்படிச் சொல்லமாட்டேனே. கொன்னவ நான். அடுத்தவனைக் கை காட்டினா, இவ ஏன் முந்திரிக்கொட்டை மாதிரி பேசறான்னு அதிகாரிக்குச் சந்தேகம் வந்துடுமே. டைரக்டர் தம்பி எங்கிட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னாரு, நீங்க வாயே திறக்கக்கூடாது, டீ மட்டும் கொடுக்கணும்னு. அவர் வரலியா?"

ஆனா சார் குனிந்து அக்காவின் ஒலிவாங்கியில் பேசினார். "சும்மா ஒரு பாதுகாப்புக்கு எடுத்து வெச்சுக்கறோம்மா."

அந்த அம்மா தாளை மடித்தார். கண்ணாடி வழியாக அக்காவை மட்டும் பார்த்தார்.

"நான்தானே கொன்னேன்?"

அக்கா பொத்தானை அழுத்தினாள். விரல் எடுக்காமல் இருந்ததால் அவள் மூச்சு மட்டும் அந்தப் பக்கம் ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு தடவை சொல்லிடுங்கம்மா" என்றாள் கடைசியில். "போயிடலாம்."

நாடகக்காரர் அல்லவா, ஒரே டேக்கில் சொன்னார். குரலில் குறை வைக்கவே இல்லை. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா எல்லாருக்கும் அம்மாவாவே நடிச்சேன் கண்ணு. ஒரு கொலையாவது கொடுங்களேன்னு கேட்டுக் கேட்டு வாங்கினேன். அதையும் பிடுங்கிக்கிட்டாங்களா?"

சிரித்தபடிதான் கேட்டார். அக்கா அவரை வாசல்வரை கொண்டுவிட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவினாள். கழுவக் கழுவ முகம் நனைந்துகொண்டே இருந்தது.

*

படம் வெளிவர எட்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தம்பி கீழே வந்து சமையலறை மேஜையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தான். உற்சாகமாக இருந்தான். முதல் காட்சிக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று சொல்லிக்கொண்டே போனான். டீ போட்டுக் கொடுத்த அம்மாவைத் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்ளப்போவதாகச் சொன்னான்.

"புருஷன்தான் கொலைகாரன்" என்றாள் அக்கா.

"எவ புருஷன்?"

"படத்துல."

கணவர் செய்தித்தாளை மடித்தார். "நான் போய் பால் வாங்கிட்டு வரேன்" என்று எழுந்தார். அடுப்பில் பால் காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டேதான் வெளியே போனார்.

தம்பி முதலில் சிரித்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். கத்தியைக் கீழே வைத்தான்.

"எப்படி? அந்த ஷாட்டே இல்லியே."

"விசாரணைல 'ஆமா நான்தான் போதுமா'ன்னு ஒரு இடம் வருமில்ல. 'போதுமா'வை எடுத்துட்டேன்."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மனதுக்குள் ஓட்டிப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. "அதுக்கப்புறம்?"

"நடைபாதை அழுகை. பதினொரு விநாடி. அப்படியே தூக்கி அங்க வெச்சேன். முன்னாடி கத்தி விழற ஷாட், ஆக்‌ஷனுக்கு முன்னாடி அவன் கையைத் துடைச்சுக்கிட்டான் பாரு, அந்தத் துண்டு. ரெண்டும் ஒரே வெளிச்சத்துல இருந்ததால ஒட்டுத் தெரியல. படம் மாறறதுக்கு நாலு ஃப்ரேம் முன்னாடியே சத்தத்தை ஆரம்பிச்சுட்டேன், அதனால மனசு தானா சேத்துக்குது..."

தன் குரலைத் தானே கேட்டு நிறுத்தினாள். விளக்கும்போது அவள் கைகள் காற்றில் துண்டுகளை எடுத்து எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தன. முகத்தில் என்ன இருந்திருக்கும் என்று அவளுக்கே தெரிந்தது. தம்பியும் அதைப் பார்த்துவிட்டிருந்தான்.

"வேலை செய்யுதா?" என்று மெதுவாகக் கேட்டான்.

பொய் சொல்லியிருக்கலாம். "செய்யுது" என்றாள்.

தம்பி வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஓர் ஓரமாகச் சேர்த்தான்.

"நான்தான் உன்னைப் போகாதேன்னு சொன்னேன்" என்றான். "பக்கத்து ரூம்காரர்கிட்ட கொடுத்திருந்தா அவரும் இதைத்தான் பண்ணப் பாத்திருப்பாரு. ஆனா அவரால முடிஞ்சிருக்காது. ஒட்டு பல்லிளிச்சிருக்கும். வேற வழியில்லாம என் முடிவையே விட்டிருப்பாங்க."

அவள் மனதுக்குள் அந்த வாக்கியம் ஏற்கெனவே இருந்தது. வேறொரு வாயிலிருந்து வெளியே வந்து கேட்டபோதுதான் அது உண்மையாகிவிட்டது.

"உன்ன மாதிரி யாரும் வெட்டமுடியாதுக்கா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

*

படம் வந்தது. தம்பி போகவில்லை. அக்கா ஒரு மதியக் காட்சிக்குத் தனியாகப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். 'ஆமா. நான்தான்' வந்தபோது அரங்கம் கப்சிப் என்று ஆனது. மூன்றாவது டீ வந்தபோது முன்வரிசையில் ஒருவர், "இந்தம்மா எதுக்குய்யா சும்மா சும்மா வருது?" என்று சத்தமாகக் கேட்டார். கூட்டம் சிரித்தது. அவள் காப்பாற்றி வைத்த இடம் அது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு கொலைக்குப் பழைய பயம் திரும்பி வரவில்லை. முடியுமுன்பே பாதிப் பேர் எழுந்து செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள். கணவன்தான் என்று முதல் பத்து நிமிடத்திலேயே நினைத்தவர்களுக்குக் கடைசியில் அதையே சொன்னால் எழுந்திருக்காமல் என்ன செய்வார்கள்?

விமர்சனங்கள் வந்தன. "நல்ல கதைக்களம், யூகிக்க முடிந்த முடிவு" என்றார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது: எடிட்டிங் இன்னும் கச்சிதமாக இருந்திருக்கலாம். அக்காவின் கணவர் அதைப் படித்துவிட்டுப் பென்சிலால் அந்த வரியை அடித்தார். பிழை திருத்துகிறவரால் வேறு என்ன செய்யமுடியும்? இரண்டாவது வாரம் படம் அரங்குகளிலிருந்து இறங்கியது. இயக்குநர் சொதப்பிவிட்டார் என்று பேச்சு.

தம்பி மாடியிலேயே சமைத்துக்கொள்ள ஆரம்பித்தான். படியில் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுவான். ஒரு வீட்டில் மாடிக்கும் தரைக்கும் நடுவே இருப்பது பதினாறு படிதான். மூன்று மாதம் அந்தப் பதினாறு படியில் யாரும் யாருக்காகவும் ஏறவில்லை, இறங்கவில்லை.

இன்னும் இரண்டு படம் என்று ஒப்பந்தம் இருந்தது அல்லவா? அதில் முதலாவது வந்தது. வேறொரு இயக்குநருடைய கொலைப்படம். பாதியில் கதாநாயகி செத்துவிடுகிறாள். மேல்மாடிக்கு அவள் கடைசிவரை உயிரோடு வேண்டும். ஆனா சார் சோபாவில் உட்கார்ந்து இனிமையாகச் சொன்னார்:

"நீங்க கொலைகாரனையே மாத்தினவங்க மேடம். இப்ப ஒரு உயிரைத்தானே காப்பாத்தச் சொல்றோம். அது புண்ணியம்தானே?"

அக்கா துண்டுகளை எல்லாம் பார்த்தாள். பத்தாவது நிமிடமே வழி தெரிந்துவிட்டது. பிணமாகக் கிடக்கும் நடிகைக்கு ஒரு டேக்கில் இமை லேசாகத் துடித்திருந்தது. அந்தத் துடிப்பு போதும், மருத்துவமனைக் காட்சி ஒன்றைப் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்தால் அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள். விரல்கள் பரபரத்தன. அவள் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"முடியாது சார். ஷாட் இல்ல."

"முயற்சி பண்ணிப் பாருங்க மேடம்."

முயற்சி செய்தாள். தினமும் செய்தாள். தவறான இடத்தில் வெட்டினாள், ஒட்டு பல்லிளிக்கும்படி ஒட்டினாள், பின்பக்கம் திரும்பி, "பாருங்க சார், வரல" என்றாள். இருபத்திரண்டு வருடம் கற்றுக்கொண்டதைத் தெரியாதவள்போலச் செய்வது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து வேலையைப் பக்கத்து ரூம்காரரிடம் கொடுத்தார்கள். அவரும் கையை விரித்துவிட, வேலை திரும்ப அக்காவிடமே வந்தது. அக்காவுக்குக் கை போய்விட்டது என்று கட்டடத்தில் பேசிக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர்கூட முன்போல் அபிப்பிராயம் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பேச்சு வெளியே போய், சுற்றி, மாடிக்கும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஒருநாள் மாலை அவள் செருப்பைக் கழற்றும்போது தம்பி படியில் உட்கார்ந்திருந்தான். ஒதுங்கவில்லை.

"அந்தப் பொண்ணு பொழைக்க நெஜமாவே ஷாட் இல்லியா?"

ஒப்பந்தம், குடும்பத்தினர் உட்பட எவரிடமும், எல்லாம் அவளுக்கு ஞாபகம் இருந்தது.

"இருக்கு" என்றாள்.

அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்து இரண்டு படி மேலே ஏறினான். நின்றான். திரும்ப இறங்கி வந்தான்.

"எங்க இருக்கு?" என்றான். "சொல்லேன்."

அவள் கைப்பையை ஓரமாக வைத்துவிட்டு அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள். இமையைப் பற்றிச் சொன்னாள். அவன் கண்ணை மூடிக் கேட்டான். நடுவில் ஒரு தடவை, "மருத்துவமனையை அவ்வளவு முன்னாடி வெக்காதே" என்றான். கணவர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, சாப்பாட்டு மேஜையில் எத்தனை தட்டு வைப்பது என்று தெரியாமல், மூன்றையும் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் அட்டையை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது. ஒப்பந்தத்தில் இந்தப் படமும் இன்னொன்றும் பாக்கி. சோபாவில் ஆனா சார் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்காவது ஏதாவது வழி தெரியுதா மேடம்?"

"தெரியல சார்" என்று சொல்லிவிட்டு அக்கா திரையைப் போட்டாள்.